‘சிறு உறுத்தல்கள்’ பகுதியை எழுதியவள்

பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அரசாங்கம் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறது. வருஷா வருஷம் அதைத் திருத்திப் புதுசாக அனுப்புவார்கள். யார் படிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். படித்துவிட்டதாக எல்லா வாத்தியார்களும் டீச்சர்களும் கையெழுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். அரசாங்கக் காகிதம் என்றால் அது பாட்டுக்குத் தானே முளைத்து வருகிறது என்பது ஜனங்களின் நினைப்பு. அதை ஒரு மனுஷி உட்கார்ந்து எழுதுகிறாள், எழுதி முடித்து வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிறாள் என்பதெல்லாம் யாருக்குத் தோன்றப்போகிறது?

அந்த மனுஷி கல்வித்துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து மேசையில் இருந்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தால் மேசையும் சேர்ந்து ஆடும். எல்லாரும் அவளை ‘வழிகாட்டி மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் தேர்வுப் பிரிவில் இருந்தவள். நீட்டி முழக்காமல் எழுதுவாள் என்று யாரோ மேலே சொல்லி வைக்க, இங்கே தூக்கிப் போட்டுவிட்டார்கள். சீக்கிரமே மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே அந்த எண்ணம் போய்விட்டது.

ஏனென்றால், அந்தப் புத்தகத்தில் இருக்கும் வரிகள் எல்லாம் எங்கேயோ ஒரு பிள்ளைக்கு நடந்ததிலிருந்து வந்தவை. நீச்சல் குளத்தில் உடை மாற்றும் அறையைப் பற்றிய வரி ஒரு ஊரிலிருந்து வந்தது. விடுதிக் காப்பாளரிடம் இருக்கும் மாற்றுச் சாவியைப் பற்றிய வரி இன்னொரு ஊரிலிருந்து. விசாரணை அறிக்கை வரும். அவள் படிப்பாள். படித்ததும் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, இனிமேல் அப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுவாள். அதற்கே பொழுது சாய்ந்துவிடும். வீட்டில் இதையெல்லாம் சொல்ல மாட்டாள். ஆபீஸில் என்ன நடந்தது என்று கேட்டால், ஏசி வேலை செய்யவில்லை என்பாள்.

அவளுக்கு எழுதுவதில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாக்கியத்தை எழுதியதும் ‘திங்கட்கிழமை வாத்தியார்’ ஒருத்தரை மனசில் நிறுத்துவாள். முதல் மணி அடிக்கப்போகிறது, தோளில் பை, கையில் திருத்தாத நோட்டுக் கட்டு, வாசலில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கிறது. அந்த நிலைமையில் அந்த மனுஷர் இந்த வாக்கியத்தைப் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்று புரியுமா? புரியாது என்று பட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள். எதிர் மேசைக்காரருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் பாதியாக்கிக் கொடுத்துவிடுவார். அவருக்குக் ‘கத்தரி’ என்று பேர். நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் கையில் சிக்கினால் எதுவும் முழுசாகத் திரும்பாது.

அவள் எழுதியதிலேயே அவளுக்குப் பெருமை தந்தது ‘சிறு உறுத்தல்கள்’ என்ற பகுதி. பள்ளிக்கூடத்தில் ஒரு பெரியவர் நடந்துகொள்கிற விதம் யாருக்கோ லேசாக உறுத்துகிறது. குற்றம் என்று சொல்ல முடியாது. நல்லவராகவும் இருக்கலாம். ஆனாலும் அதை மென்று முழுங்காமல், பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் அந்தப் பெரியவரையும் கேட்பார், பிள்ளையையும் தனியாகக் கேட்பார். ஒன்றுமில்லை என்றால் அதோடு சரி. இவ்வளவுதான் விஷயம்.

இதற்கு உதாரணங்கள் வேண்டியிருந்தது. கெட்டவர்கள் செய்கிற காரியமாக இருந்தால் அது சிறு உறுத்தல் ஆகாது. நல்லவர்கள் நல்ல எண்ணத்தோடு, யோசிக்காமல் செய்கிற காரியமாக இருக்க வேண்டும். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். கடைசியில் வீட்டிலிருந்தே ஒன்று கிடைத்தது: ‘ஒரு மாணவரை மட்டும் தனியாகத் தம்முடைய வண்டியில் ஏற்றிச் செல்வது.’

அவள் வீட்டுக்காரர் விளையாட்டு வாத்தியார். ‘விசில் சார்’ என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஒரு ஓட்டைக் கார் வைத்திருந்தார். பின்சீட்டு முழுக்கப் பந்தும் வலையும் கிடக்கும். பயிற்சி முடிந்து எந்தப் பிள்ளையாவது வாசலில் நின்றால், முன்சீட்டில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவார். இத்தனை வருஷமாக அப்படித்தான். வீட்டுக்காரி எழுதும் புத்தகத்தை மட்டும் அவர் பிரித்ததே இல்லை. படித்ததாகக் கையெழுத்துப் போடும்போது சக வாத்தியார்களிடம் சொல்வாராம்: “எழுதினவளே என் வீட்டுல இருக்கா. நான் வேற தனியா படிக்கணுமா?” எல்லாரும் சிரிப்பார்களாம்.

அந்தச் சிரிப்பு ஒரு செவ்வாய்க்கிழமையோடு நின்றது.

அன்றைக்கு அவள் வீடு திரும்பியபோது அவர் விளக்குகூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றவில்லை.

“உன் புத்தகத்துல சிறு உறுத்தல்கள்னு ஒண்ணு இருக்காமே?” என்றார்.

அவள் விளக்கைப் போட்டாள். “இருக்கு.”

“அதுல வண்டியைப் பத்தி வருதாமே?”

“வருது. ஏங்க?”

“நான் உறுத்திட்டேன்.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வந்தது. போன வாரம் நல்ல மழை. ஓட்டப்பந்தயக் குழுவில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளி வேனைத் தவறவிட்டுவிட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றாள். இவர் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். அதைப் புதுசாக வந்த இங்கிலீஷ் டீச்சர் பார்த்திருக்கிறாள். பார்த்ததைப் பொறுப்பாசிரியராக இருக்கும் கெமிஸ்ட்ரி டீச்சரிடம் சொல்லிவிட்டாள். கெமிஸ்ட்ரி டீச்சர் இன்றைக்கு இவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறாள்.

“மரியாதையாத்தான் கேட்டா. தப்பா எடுத்துக்காதீங்க சார், யாரா இருந்தாலும் கேக்கணும்னு இருக்குன்னா. புத்தகத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி எழுதினதை எனக்கே படிச்சுக் காட்டறா. எந்த மடையன் இதை எழுதினான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டு வந்துட்டேன்.”

இந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. “கூட இன்னொரு டீச்சரை ஏத்திட்டுப் போயிருக்கலாம்ல. இல்லன்னா கெளம்பறதுக்கு முன்னாடி பொறுப்பாசிரியருக்கு ஒரு போன். அதைத்தான் அதுல சொல்லியிருக்கு” என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரிடம் பேசியதிலேயே மட்டமான பேச்சு அதுதான். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது.

அவர் அவளையே பார்த்தார். “அந்த வண்டி விஷயத்தை எழுதும்போது யாரை நெனச்சு எழுதின?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. “உங்களைத்தான். நல்லவங்க செய்யற காரியமா ஒண்ணு வேணும்னு தேடினேன். நீங்கதான் ஞாபகத்துக்கு வந்தீங்க.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ஷூ போட்டபடியே போனார்.

கீழ் வீட்டில் இருக்கும் நாத்தனார் காதுக்கு மறுநாளே விஷயம் எட்டிவிட்டது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றாமல் அவளால் இருக்க முடியாது. மாடிப்படியில் வழிமறித்து, “ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் குழி வெட்டினீங்க சரி, எங்க அண்ணன் நடக்கற பாதையிலயா வெட்டணும் அண்ணி?” என்றாள். வழிகாட்டி மேடம் அவளைத் தாண்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள்.

அலுவலகத்தில் வேறு ஒரு தலைவலி காத்திருந்தது. புத்தகம் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது என்று தலைமையாசிரியர்கள் புலம்பியதால், இயக்குநர் அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தார்: புதுசாக ஒரு பகுதி உள்ளே வந்தால், பழைய பகுதி ஒன்று வெளியே போக வேண்டும். இந்த வருஷம் செல்போனில் பொய்யாகப் படம் செய்து பிள்ளைகளை மிரட்டுவதைப் பற்றி ஒரு பகுதி வந்தே தீர வேண்டும். அப்படியானால் எது வெளியே போவது? வாத்தியார் சங்கம் ஏற்கெனவே விரலை நீட்டிக் காட்டியிருந்தது. ‘சிறு உறுத்தல்கள்’ என்பது ஒருத்தரை ஒருத்தர் போட்டுக் கொடுக்கும் பகுதி, நல்லவர்கள் பேரைக் கெடுக்கும் பகுதி, அதை எடுங்கள் என்று. கத்தரிக்கும் அதே அபிப்பிராயம்தான். பொதுமக்களும் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்து, அந்தத் தேதி முடிந்ததும் முடிவு எடுப்பதாக ஏற்பாடு.

அந்தப் பகுதியைக் காப்பாற்ற அவள் தயார் செய்து வைத்திருந்த குறிப்புகள் மேசை டிராயரில் இருந்தன. அன்றைக்கு அவற்றை எடுத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உள்ளதைச் சொன்னால், அவளுக்கு ஒரு ஆசை வந்தது. போகட்டுமே. சங்கம் கேட்கிறது, கத்தரி வெட்டக் காத்திருக்கிறார், நாம் சும்மா இருந்தாலே போதும், தானாகப் போய்விடும். வீட்டில் மனுஷர் பழையபடி பேசுவார். அந்த ஆசை வந்ததில் அவளுக்குப் பயமாக இருந்தது. நேரே இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

இயக்குநர் அம்மா பேனாவை மூடி வைத்தார். “இனிமே இந்தப் பகுதியை நீங்க வெச்சுக்கணும்னாலும் சிக்கல், எடுக்கணும்னாலும் சிக்கல். புருஷனுக்காகன்னுதான் பேசுவாங்க. நல்லவேளை வந்து சொன்னீங்க. கத்தரிகிட்ட குடுத்துடுங்க. குடும்ப விஷயம்னு மட்டும் சொல்றேன். அந்தப் பேச்சு வந்தா நீங்க எழுந்து வெளிய போயிடணும். ஒரு வார்த்தை பேசக் கூடாது, யார்கிட்டயும்.”

பெற்ற பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவதுபோல அந்தப் பகுதியைக் கத்தரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அவர் வாங்கிக்கொண்டு, “கவலைப்படாதீங்க மேடம், வலிக்காம பண்றேன்” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

வீட்டில் சமாதானம் ஆகவில்லை. அவர் சாப்பிட்டார், தூங்கினார், “கரண்ட் பில் வந்திருக்கு” என்பது மாதிரியான பேச்சு மட்டும் பேசினார். பயிற்சி முடிந்தால் பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டாள். ஒருநாள் அவளே பேச்சுக் கொடுத்து, அந்தப் பகுதியைக் கத்தரியிடம் ஒப்படைத்துவிட்டதைச் சொன்னாள். சந்தோஷப்படுவார் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள்.

“அப்ப அதுக்காகவும் நிக்கல, எனக்காகவும் நிக்கல” என்றார் அவர். “கெட்டிக்காரிதான் நீ.”



இதற்குள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், புத்தகத்தில் போட்டிருந்தபடி, தன் வேலையின் மறுபாதியைச் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். விசில் சார் எப்படி என்று கேட்டதற்கு, நல்ல சார் என்றாள் அந்தப் பெண். அதோடு விட்டிருக்கலாம். சரி, வேன் அங்கேதானே நின்றது, நீ ஏன் ஏறவில்லை என்று அடுத்த கேள்வியையும் கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. ஒரு தடவையில் வரவில்லை, சில நாள் கழித்துத்தான் வந்தது.

இது எதுவும் அவர்கள் வீட்டுக்குத் தெரியாது. தெரிந்த நாளன்று அவர் நேராகச் சமையலறைக்கு வந்து, ஓரமாகக் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

“அந்தப் பொண்ணோட அம்மா இன்னிக்கு கிரவுண்டுக்கு வந்தாங்க” என்றார். “வேன்ல கடைசியா எறங்கறது அவதானாம். மத்த பிள்ளைங்க எறங்கினதும் டிரைவர் அவளை முன்சீட்டுக்கு வரச் சொல்வானாம்.” அதற்கு மேல் அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. “போலீஸ் வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

அவள் ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

“பயிற்சி முடிஞ்சாலும் போக மாட்டா. இன்னும் ஒரு ரவுண்டு சார், இன்னும் ஒரு ரவுண்டு சார்னு ஓடிக்கிட்டே இருப்பா. வேன் கெளம்பினப்புறம்தான் நிறுத்துவா. இவளைப் பாத்துக் கத்துக்கங்கடான்னு மத்த பிள்ளைங்களைத் திட்டியிருக்கேன். என்ன ஆர்வம், என்ன ஆர்வம்னு உங்கிட்டகூடச் சொல்லலாம்னு இருந்தேன்.” அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அன்னிக்கு அரை மணி நேரம் என் பக்கத்துலயே உக்காந்திருந்தா. ஏம்மா வேனை விட்டேன்னு ஒரு வார்த்தை கேக்கல நான். ரேடியோவைப் போட்டுட்டு, கூடப் பாடிக்கிட்டு வந்தேன்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் தோளில் வைத்தாள். அவர் தட்டிவிடவில்லை. உலை தயாராகிக் கொதித்துக்கொண்டிருந்தது, அவள் அடுப்பை அணைத்தாள்.

“கருத்துச் சொல்ல இன்னும் நாள் இருக்கா?” என்றார் அவர்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும்.”

“எப்படி எழுதணும்னு சொல்லு.”

“நான் சொல்லக் கூடாதுங்க. பாக்கவும் கூடாது.”

முன்பாக இருந்தால் இதற்கே ஒரு சண்டை வந்திருக்கும். அவர் தலையாட்டிவிட்டு, எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அவர் டைப் அடிக்கிற அழகு ஊருக்கே தெரியும், ஒற்றை விரல். அவள் கதவைச் சாத்திக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், காயாத துணிகளை வேண்டுமென்றே ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். மறுநாள் இயக்குநர் அம்மாவிடம், என் வீட்டுக்காரர் கருத்து அனுப்பியிருக்கிறார், என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லி வைத்தாள். “அவரும் வாத்தியார்தானே. எழுதட்டும். பேரை எடுத்துட்டுத்தான் எல்லாம் எங்க கைக்கு வரும்” என்றார் இயக்குநர் அம்மா.

முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தப் பகுதிக்கு வந்தபோது அவள் எழுந்து வெளியே போனாள். நடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். உள்ளே பேச்சு நீண்டுகொண்டே போனது. சங்கத்துக்காரரின் குரல் ஏறுவது கேட்டது, பிறகு அதுவும் அடங்கியது. கெமிஸ்ட்ரி டீச்சர் மாதிரி ஒருத்தி எங்கேயோ ஒரு ஊரில், அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்து, அது இல்லாமல், எதற்கு வம்பு என்று புத்தகத்தை மூடி வைப்பாள் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு கத்தரி வெளியே வந்தார். கையில் காகிதக் கட்டு. கண்ணாடியைக் கழற்றியிருந்தார்.

“இருக்கு மேடம்” என்றார். “உங்க பகுதி அப்படியே இருக்கு. ஒரு எழுத்தைக்கூட நான் தொடலை. புத்தகத்துக் கடைசியில இருந்த பழைய சுற்றறிக்கைப் பகுதியைத் தூக்கி எறிஞ்சு எடம் பண்ணிட்டேன்.”

“சங்கத்துல ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒரு வாத்தியார் எழுதியிருந்தாரு மேடம். நான்தான் படிச்சுக் காட்டினேன். படிச்சு முடிச்சதும் சங்கத்துக்காரரும் சரின்னுட்டாரு.” கையிலிருந்த கட்டில் மேலாக இருந்த தாளை எடுத்தார். முடிவுதான் ஆகிவிட்டதே என்று அவளுக்கும் வாசித்தார். “‘இந்தப் பகுதியை வைத்து என்னை விசாரித்தார்கள். நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. நான் நல்லவன் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் இத்தனை வருஷம் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. என்னை முதல் தடவையாகக் கேட்டபோதுதான் அந்தப் பிள்ளையையும் முதல் தடவையாகக் கேட்டார்கள். இன்னொரு தடவை என்னை விசாரித்தாலும் பரவாயில்லை. இதை எடுத்துவிடாதீர்கள்.’ இவ்வளவுதான். எதை வெட்டறது இதுல?”

அவளால் அடக்க முடியவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கத்தரி பதறிப்போனார். “என்ன மேடம்? யாருன்னு தெரியுமா உங்களுக்கு?”

“நான் அதைப் பத்திப் பேசக் கூடாதுங்க” என்றாள்.

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இத்தனை நாளாக அவள் ஏன் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. தாளை மடிக்காமல் கட்டுக்குள் பத்திரமாக வைத்தார்.

“வீட்டுக்குப் போனதும் சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க மேடம்” என்றார்.